சுவரைப் பார்த்து நிற்பவர்

அவளுடைய அப்பாவை மண்டித் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடத்தோள் என்றால்தான் தெரியும். லோடுமேன்கள் எல்லோரும் மூட்டையை வலது தோளில் வாங்குவார்கள். லாரி மேல் நின்று தள்ளிவிடுகிறவனும் அதற்குத் தோதாகத்தான் காலை ஊன்றியிருப்பான். அப்பா மட்டும் இடது தோளைக் கொடுப்பார். வாலிபத்தில் ஒரு தடவை வலது தோள் எலும்பு விலகி, சரியாகக் கூடாமல் போனதால் வந்த பழக்கம் அது. அவர் முறை வரும்போது லாரி மேல் நிற்பவன் கால் மாற்றி நிற்க வேண்டும். ஊரெல்லாம் ஒரு பக்கம் போனால் இந்த மனுஷன் ஒரு பக்கம் போவார் என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றி நிற்பான்.

இடது தோளும் கழுத்தும் சேருகிற இடத்தில் அவருக்கு ஒரு சதைத் திரட்சி உண்டு. மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய காய்ப்பு. குழந்தையாக இருந்தபோது அவர் முதுகில் தொற்றிக்கொண்டு போகையில் அவள் தன் மோவாயை அதன் மேல்தான் வைத்துக்கொள்வாள். கடவுள் அவளுக்காகவே செய்து வைத்த சின்னத் தலையணை என்று வெகுநாள் நம்பியிருந்தாள். அதற்குக் கீழே, தோள்பட்டையை ஒட்டி, பிறை போல ஒரு தழும்பு. பின்னால் வந்தவனுடைய மூட்டைக் கொக்கி பட்டுக் கிழிந்தது. கிழித்தவர் பிற்பாடு அப்பாவின் உயிர்ச் சிநேகிதராகிவிட்டார். வீட்டில் அவருக்குக் கொக்கி மாமா என்று பெயர்.

பழைய பேப்பர் கிடங்குக்கு மேலே ஒன்றரை அறைதான் வீடு. இரும்புப் படிக்கட்டில் அப்பா ஏறி வரும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வந்தது அரிசியா, சிமெண்டா என்று அம்மா சொல்லிவிடுவாள். அவர் குட்டை முக்காலியில் முதுகைக் காட்டி உட்காருவார். அம்மா தைலம் தேய்ப்பாள். அந்த நேரத்தில்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே அவர்கள் அதிகம் பேசி அவள் பார்த்ததில்லை. ஜன்னலோரம் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் தைல நெடியும் கோணி வாசனையும் கலந்து வரும். இப்போதும் எங்காவது கோணி நனைந்த வாசனை வந்தால் அவளுக்கு ஏதோ பாடம் படிக்காமல் விட்டுவிட்டது போல இருக்கும்.

மண்டித் தெருவின் கோடியில் ஓவியக் கல்லூரி இருந்தது. அங்கே சிற்பம் சொல்லிக்கொடுத்தவரை லோடுமேன்கள் மாவு வாத்தியார் என்பார்கள். தாடியிலிருந்து செருப்பு வரை எப்போதும் பிளாஸ்டர் மாவு. அவருக்கான மூட்டையை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன அப்பா, எங்கே இறக்கட்டும் என்று கேட்டு நின்றிருக்கிறார். வாத்தியார் பதில் சொல்லாமல் இவரையே பார்த்திருக்கிறார்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்களேன்."

"மூட்டையோடயா சார்?"

"அய்யய்யோ, இறக்கிட்டு நில்லுங்க."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. லாரி வராத நாட்களில் போய் நிற்பார். சும்மா நிற்பதற்குக் கூலி தருகிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை. "நிக்கிறதுக்கா? அப்ப பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்க எல்லாம் இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கணுமே" என்றாள்.

முதலில் சட்டையை மட்டும் கழற்றச் சொன்னார்கள் என்பதையும், பிறகு மிச்சத்தையும் கேட்டார்கள் என்பதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. முடியவே முடியாது என்று கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். வாத்தியார் மண்டித் தெருவுக்கே வந்து கேட்டிருக்கிறார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வேண்டும், முகத்தை வேறு முகமாக மாற்றிவிட வேண்டும், பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா நிபந்தனை வைத்தார். வாத்தியார் தலைமேல் கைவைத்து ஒப்புக்கொண்டார். முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் குளிராக இருந்தது, அதற்கப்புறம் மூக்கு அரிக்கிற கவலைதான் இருந்தது என்று பல வருடம் கழித்து ஒருநாள் சொல்லிச் சிரித்தார். ஒரு மனுஷன் தன்னைத் திட்டாமல் அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

நகராட்சி புதுப் பூங்கா கட்டியது. நடுவே வைக்க, அப்பாவை நிறுத்தி வாத்தியார் வடித்த அந்தச் சிலையை வாங்கியது. சதைத் துணுக்கு மாறாமல் வாத்தியார் செய்ததைக் களிமண்ணில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்களா, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. அவர் உடனே மழை வருமா என்று பார்ப்பவர் போல வானத்தைப் பார்த்தார். கைதட்டலாமா கூடாதா என்று கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அப்போது வேறொரு கல்லூரியில் கடைசி வருடம். தோழிகளோடு போய் அவளும் பார்த்தாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நேரான மூக்கும் சுருண்ட முடியுமாக யாரோ ஒரு ராஜகுமாரன் முகம். மற்றது கண்ணில் பட்டதுமே தலையைக் குனிந்துகொண்டதால் சுற்றிவந்து பார்க்கத் தோன்றவில்லை.

பூங்காவின் பின்வாசல் மண்டித் தெருவைப் பார்த்தது. லோடுமேன்கள் குறுக்கு வழியாக அதில்தான் நுழைவார்கள். ஆகவே அவர்கள் சிலையைப் பின்பக்கமிருந்து பார்த்தார்கள். வருடக்கணக்காக மூட்டை வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவர் நடந்தவர்கள். முகத்தைவிட முதுகுதான் அவர்களுக்குப் பழக்கம். இடப்பக்கத் திரட்சி, பிறைத் தழும்பு, ஒரு பக்கம் இறங்கிய தோள். முகத்தை மாற்றிய வாத்தியாருக்கும், மாற்றச் சொன்ன அப்பாவுக்கும் முதுகு என்ற ஒன்று இருப்பது நினைவுக்கே வரவில்லை.

கொக்கி மாமா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

"அண்ணி, அண்ணன பூங்காவுல நிக்க வெச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியல. உடம்புல ஒட்டுத்துணி இல்ல."

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. யாரோ அவரை அடித்து அவிழ்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சிலைதான் அண்ணி, சிலை என்று மாமா பின்னாலேயே கத்திக்கொண்டு போனது அவள் காதில் விழவில்லை. பின்வாசல் வழியாக நுழைந்து, போர்வையை விரித்துப் பிடித்தபடி பாதி தூரம் போன பிறகுதான் அது சிமெண்ட் என்று தெரிந்தது. கிட்டே போய் அந்த முதுகைப் பார்த்தாள். போர்வையை நான்காக மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் அப்பா முக்காலியில் உட்கார்ந்து முதுகைக் காட்டினார். அம்மா தைலப் புட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"மூஞ்சிய மாத்திட்டா ஆச்சா? தினம் இதத் தேய்க்கிறவளுக்கு இது யாரு முதுகுன்னு தெரியாதா?"

அப்பா புட்டியைத் திறக்க முயன்றார். அவர் கை தன் முதுகுக்கு எட்டாது. அப்படியே எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து புட்டி ஜன்னலில் இருந்தது. எடுத்துத் தேய்த்துவிட மகளுக்கும் கை வரவில்லை.

அதற்குள் ஊர் இரண்டுபட்டது. காலையில் நடப்பவர்கள் பூங்காவில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பெண்டு பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இதென்ன ஆபாசம் என்று அவர் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் பிள்ளைகளைச் சுற்றுவழியில் கூட்டிப்போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சிலைக்குத் துண்டு கட்டிவிட்டுப் போனான். நல்ல துண்டாக இருந்ததால் அதை வேறொருவன் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் போலீஸ் வந்தது. பொது இடத்தில் ஆபாசப் பொருளை வைத்ததாக வாத்தியார் மேல் வழக்கு. தீர்ப்பு வரும்வரை சிலையை மூடிவைக்க உத்தரவு. மூடுவதற்கு சப்-இன்ஸ்பெக்டர் மண்டித் தெருவிலிருந்து கோணிப் பைகளைக் கொண்டுவரச் சொன்னார். கோணி ஊசியால் சுற்றித் தைத்தவர் கொக்கி மாமாவேதான். சிலையின் இடுப்பில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்ற எழுத்து வந்து அமைந்தது. ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. அப்பா மட்டும் அந்தக் குறுக்கு வழியை விட்டுச் சுற்றிப் போனார்.

நின்றவன் யார் என்று கோர்ட்டில் கேட்டார்கள். வாத்தியார் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். கொடுத்த வாக்கு அது. கல்லூரி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. வழக்கு தோற்றால் அவருக்கு ஜெயில், சிலைக்குச் சம்மட்டி என்று பேசிக்கொண்டார்கள்.

போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று அப்பா ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் பதில் சொன்னாள்.

"வேணாம்பா. காலேஜுல தெரிஞ்சா நான் எப்படிப் போவேன்?"

"சரிம்மா. போகல."

அவ்வளவுதான். கோபமில்லை. இரண்டு வாய்தா போனது. அவர் போகவில்லை. அந்த நாட்களில் மூட்டை தூக்கும்போது வழக்கமாக விடும் ஹும் என்ற மூச்சைக்கூட அவர் விடவில்லை என்று கொக்கி மாமா சொன்னார். அவளுக்கு அது புரியவில்லை. புரியாததுபோல் இருந்துகொண்டாள்.

வாத்தியார் பெயரைச் சொல்லாததை அரசு வக்கீல் வேறு மாதிரி திருப்பிவிட்டார். புத்தி சுவாதீனமில்லாத, நாதியற்ற எவனையோ தெருவிலிருந்து பிடித்து வந்து அம்மணமாக்கி நிறுத்தியிருக்கிறார், அதனால்தான் ஆளைக் காட்டவில்லை, சுயபுத்தி உள்ளவன் எவனாவது இப்படி நிற்பானா என்று வாதாடினார். மாமா அதைப் படிக்கட்டில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அப்பா கேட்டுக்கொண்டார். அடுத்த வாய்தா அன்று காலையில் முகம் மழித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இரும்புப் படிக்கட்டில் அப்படியொரு மெல்லிய சத்தத்தை அவள் கேட்டதில்லை.

தடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டுதான் அவள் பின்னாலேயே போனாள். கோர்ட் வாசல் வரை கூப்பிட வாய் வரவில்லை. உள்ளே பெண்கள் உட்காரும் கடைசி பெஞ்சில் அம்மா இருந்தாள். மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், மடியில் காலிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அப்பா கூண்டில் ஏறினார். குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் நின்ற வாத்தியார் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்தச் சிலைக்கு நின்னது நீங்கதான்னு சொல்றீங்க. முகம் உங்க முகமா இல்லையே" என்றார் அரசு வக்கீல்.

"மாத்தச் சொன்னது நான்தாங்க."

"ஏன்? வெட்கமா?"

"வெட்கந்தாங்க. வீட்டுல படிக்கிற பொண்ணு இருக்கு."

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"முகத்த மாத்தியாச்சு. அப்ப நீங்கதான்னு கோர்ட் எப்படி நம்புறது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைப் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தார். கோர்ட் சேவகரான டவாலி பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். மாஜிஸ்ட்ரேட் வயதானவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பட்டனப் போடுங்க. இன்னொரு கேஸ் ஆயிடப் போகுது" என்றார். கோர்ட் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. முதுகைக் காட்டத்தான் அவிழ்த்தேன், முதுகு தன் முதுகுதான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

மாஜிஸ்ட்ரேட் புகாரோடு கொடுத்திருந்த போட்டோக்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்பது படம். ஒன்பதும் முன்பக்கம்.

"பின்பக்கம் எடுக்கலையா?"

"அது தேவைப்படலைங்க ஐயா" என்றார் நடைச் சங்கத் தலைவர்.

"ஒன்பது தடவை இதுதான் தேவைப்பட்டதாக்கும்" என்று சொல்லிவிட்டு மாஜிஸ்ட்ரேட் படங்களைக் கவிழ்த்து வைத்தார். தலைவர் உட்கார்ந்துகொண்டார். இனி என்ன செய்வது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியானது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"ஐயா, நான் சொல்றேன்."

"நீங்க யாரும்மா?"

"அந்த முதுகோட சம்சாரம்."

டவாலி உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். மாஜிஸ்ட்ரேட் அவரை விலகச் சொன்னார்.

"இடது தோள்ல காய்ப்பு இருக்கும் ஐயா. அதுக்குக் கீழ பிறை மாதிரி ஒரு தழும்பு. தழும்பு முடியற இடத்துல ஒரு மச்சம். அந்த மச்சத்தக்கூட விடாம வெச்சிருக்காரு இந்த வாத்தியாரு. போய்ப் பாத்துக்கங்க. எனக்கும் இவங்க ரெண்டு பேரு மேலயும் கோவம்தான், அது எங்க வீட்டுச் சமாச்சாரம். பைத்தியம்னு மட்டும் சொல்லாதீங்க. அவருக்குப் பேச்சுதான் கம்மி. புத்தி நல்லாத்தான் இருக்கு."

அன்று மதியமே மாஜிஸ்ட்ரேட் பூங்காவுக்குப் போனார். பின்பக்கத் தையலை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். மச்சம் இருந்தது.

வழக்கு தள்ளுபடியானது. வேண்டுமென்று ஆபாசம் காட்டச் செய்ததல்ல, நின்றவரும் அறிந்தே நின்றிருக்கிறார் என்று தீர்ப்பு. வாத்தியாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் நடைச் சங்கம் விடவில்லை. நகராட்சியோடு பேசிப் பேசி, கடைசியில் இரு தரப்புக்கும் ஒரு வழி கண்டார்கள். சிலையை உடைக்க வேண்டாம், திருப்பி வைத்துவிடலாம். கிரேன் வந்தது. சிலையைத் தூக்கி, மதில் சுவரோரமாக, முகம் சுவரைப் பார்க்க இறக்கியது. இனிமேல் முன்வாசலில் வந்தாலும் பின்வாசலில் வந்தாலும் ஊருக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். யாருடையது என்று தெரியக் கூடாது என்பதற்காக முகம் மாற்றப்பட்ட ஒரு மனிதரை, பார்த்தவுடன் இன்னார் என்று தெரியும்படி மரியாதைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பி வைத்துவிட்டார்கள்.

கிரேன் வந்த அன்று சாயங்காலம் அம்மா ஜன்னலிலிருந்து புட்டியை எடுத்தாள்.

"திரும்புங்க" என்றாள்.

அப்பா திரும்பி உட்கார்ந்தார். நெடுநாள் தேய்க்காத முதுகு. வலித்திருக்க வேண்டும். ஹும் என்று மூச்சு விட்டார்.

கல்லூரியில் தெரிந்துதான் போனது. அவள் பயந்துகொண்டே போனாள். பக்கத்து இருக்கைக்காரி வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கப்பாவா அது? எங்கப்பாவ நிக்க வெச்சா தொப்பைக்கே ரெண்டு மூட்டை சிமெண்ட் ஆகும்" என்றாள். அவ்வளவுக்காகவா இத்தனை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று இருந்தது. வேறு சிலர் பேசாமலும் போனார்கள். அவர்கள் முகம் இப்போது நினைவில் இல்லை.

முட்டி போன பிறகு அப்பா மூட்டையை விட்டுவிட்டுக் கிடங்குக்குக் காவல் இருந்தார். சாயங்காலங்களில் பூங்காவில் மாவு வாத்தியாரும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியார் முந்திப் போனார். பிறகு அம்மா. சிலையைச் சுற்றிப் போய் முன்பக்கத்தை அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், அங்கே நிற்பது யாரோ, எனக்கு அறிமுகமில்லை என்பார்.

கடைசி மாதங்களில் அவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். உடம்பு துடைக்கப் போனால் போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஊர் முழுக்கப் பார்த்த மனிதர். அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அதன் பிறகு பிடி தளரும். கையால் தடவித் தடவித் துடைப்பாள். காய்ப்பு கரைந்து, தோல் மட்டும் சுருங்கிக் கிடந்தது. தழும்பை விரலால் கண்டுபிடித்துவிடுவாள். மச்சத்தை விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் போன பிறகு அவள் பூங்காவுக்குப் போனாள். பெஞ்சில் ஓர் இளம் பெண்ணும் அவளுடைய சின்ன மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாமா ஏன் சட்டை போடவில்லை, ஏன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், தப்புச் செய்துவிட்டாரா என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது. தாய் சும்மா இரு என்று அடக்கினாள்.

"தப்பெல்லாம் ஒண்ணும் செய்யல கண்ணு" என்றாள் இவள். "அவரு எங்கப்பா."

அந்தப் பெண் சிலையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னாள்.

"நல்ல உயரமா இருந்திருப்பாருங்க."

"இல்லைங்க. சிலைதான் உயரம்" என்று இவள் தன் காதருகே கையை வைத்துக் காட்டினாள். "அப்பா இவ்வளவுதான் இருப்பாரு."